கண்மாய் நிறைந்த ஆண்டிலும் பறவை தங்காதது ஏன்? செட்டிநாட்டு உயிரினங்கள் இடம் மாறும் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் சிவகங்கைப் பக்கத்துச் செய்திகளில் இரண்டில் ஒன்று வந்தே தீரும். 'வேட்டங்குடியில் பறவைகள் குவிந்தன' என்பது ஒன்று, 'வேட்டங்குடி வெறிச்சோடியது' என்பது மற்றொன்று. (வேட்டங்குடி இந்தப் பக்கத்துப் பறவைச் சரணாலயம்.) கடலை விளையும் நேரத்தில் மயில் தொல்லை செய்தியாகும். இடையிடையே சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு வரும். மூன்றுக்கும் டீக்கடையில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: காலநிலை மாறிப்போச்சு.

அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றை வரி எதையும் விளக்கவும் இல்லை. வெயில் எல்லா உயிருக்கும் பொதுவாகத்தான் ஏறுகிறது. அப்படியிருக்க மயில் பெருகி, அயிரை மீன் குறைவது எப்படி? நத்தைக்குத்தி நாரை ஓர் ஆண்டு ஆயிரக்கணக்கில் வந்து, அடுத்த ஆண்டு வானத்திலேயே வட்டமடித்துத் திரும்புவது ஏன்? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது. கண்மாயிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையையும், நிறைந்தபின் உபரி நீர் வழியும் கலிங்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

செய்திகள் குழப்புவதற்குப் பாதிக் காரணம், நான்கு வேறு விஷயங்களை ஒரே சொல்லால் குறிப்பதுதான்.

1. பரவல்: ஓர் இனம் உலகில் எந்தெந்த இடங்களில் வாழ்கிறது என்னும் வரைபடம். இது மாறப் பல ஆண்டுகள் ஆகும்.
2. எண்ணிக்கை: அந்த வரைபடத்துக்குள் மொத்தம் எத்தனை உயிர்கள் உள்ளன என்பது.
3. வருகை: ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு குறிப்பிட்ட கண்மாயில் எத்தனை இறங்கின என்பது. இது ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும்.
4. பல்லுயிர்ப் பெருக்கம்: எத்தனை வகைகள் உள்ளன, இடத்துக்கு இடம் அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பது.

'வேட்டங்குடி வெறிச்சோடியது' என்பது வருகையைப் பற்றிய செய்தி. அதைப் படித்துவிட்டு நாரை இனமே அழிகிறது என்று முடிவு செய்தால் மூன்றாவதை இரண்டாவதாக எடுத்துக்கொண்டோம் என்று பொருள். நத்தைக்குத்தி நாரையையே பார்க்கலாம். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் அது முதன்முதலாகப் பதிவானது 2006-ல். அதன் பரவல் கிழக்கே விரிந்துகொண்டிருக்கிறது. அதே காலத்தில் நம் ஊர்க் கண்மாய் ஒன்றில் அது கூடு கட்டாமல் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

வெயில் ஏறினால் உயிர் எங்கே போகும்?

ஒவ்வோர் இனத்துக்கும் தாங்கக்கூடிய வெப்பம், ஈரம், உணவு, இனப்பெருக்கத்துக்கான இடம் என்று சில வரம்புகள் உண்டு. சூழல் அந்த வரம்பைத் தாண்டினால் அதற்கு மூன்று வழிகள்: இடம் பெயர்வது, இருந்த இடத்திலேயே பழகிக்கொள்வது, அற்றுப்போவது.

இடம் பெயர்வதில் மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது ஒரு டிகிரி சூடு கூடினால், ஒரு பூச்சி 150 மீட்டர் மேலே ஏறிக்கொண்டால் போதும். கொடைக்கானல் சரிவில் அது நடக்கக்கூடிய காரியம். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. சுற்றிலும் செம்மண் பொட்டல், செம்புரைக்கல் மேடு, கண்மாய். ஏறுவதற்கு எது இருக்கிறது? மேற்கே பிரான்மலை நிற்கிறது. அதுவும் கடலுக்கு நடுவே தீவு மாதிரி, அங்கே போய்ச் சேர வழியில்லாத உயிர்களே அதிகம். சமவெளியில் அதே ஒரு டிகிரி குளிர்ச்சியைத் தேட வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டியிருக்கும்.

இதை 'காலநிலையின் வேகம்' என்று அறிவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே வெப்பநிலையில் தொடர்ந்து வாழ, ஓர் உயிர் ஆண்டுக்கு எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. 2009-ல் வெளியான கணக்கின்படி இந்த நூற்றாண்டில் உலகச் சராசரி ஆண்டுக்கு 0.42 கிலோமீட்டர். மலைக்காடுகளில் சில இடங்களில் அது 0.08 கிலோமீட்டர்தான். வெள்ளம் தேங்கும் தட்டையான புல்வெளிகளில் 1.26 கிலோமீட்டர். கண்மாய் நாடு இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. இங்கே ஓடுபவன் வேகமாக ஓட வேண்டும்.

நாரைக்குச் சிறகு உண்டு. ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வீரை மரத்துக்கு, மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளைக்கு, அயிரை மீனுக்கு அது முடியாத காரியம். ஆக, சூடு எல்லாருக்கும் பொதுவானாலும் தப்பிக்கும் வசதி பொதுவானதில்லை.

சூட்டின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், தொழில்யுகத்துக்கு முந்தைய நிலையைவிட உலகச் சராசரி வெப்பம் 1.1 டிகிரி கூடியிருந்தது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை கூடியது சுமார் 0.7 டிகிரி. 'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றும். சராசரி 0.7 கூடுவது ஒவ்வொரு நாளும் 0.7 கூடுவதாக வருவதில்லை. கடுமையான கோடை நாட்களின் எண்ணிக்கையாகவும், ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகும் மழையாகவும் வருகிறது. செட்டிநாட்டுக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

இங்கே கடிவாளம் தண்ணீரின் கையில்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தேனாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் மட்டுமே ஓடுபவை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. இரண்டு மாதத்து மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கத்தான் கண்மாயும் ஊருணியும் உண்டாயின. மேட்டுக் கண்மாய் நிறைந்து கலிங்கு வழியாக மறுகால் போனால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இது ஒரு சங்கிலி. இதில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள அத்தனையும் காயும்.

பருவமழை எந்த அளவுக்கு ஆடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் கிடைத்தது 168 மில்லிமீட்டர். வழக்கமான அளவு அப்போது 440. பற்றாக்குறை 62 சதவீதம். 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய 2015-லோ சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இங்கே ஒரு துணைக் குழப்பமும் உண்டு. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது எல் நினோ, குளிர்வது லா நினா. 'எல் நினோ வந்தால் மழை பொய்க்கும்' என்று தொலைக்காட்சியில் சொல்வது தென்மேற்குப் பருவத்துக்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவத்துக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகம், 2015 அப்படிப்பட்ட ஆண்டு. லா நினா ஆண்டுகளில் குறைவது வழக்கம், ஆனாலும் 2021-ல் லா நினா இருந்தும் மழை கொட்டித் தீர்த்தது. இது ஒரு போக்குத்தான், சட்டமில்லை.

ஒரு கூட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும்?

வேட்டங்குடி சரணாலயம் 1977-ல் அறிவிக்கப்பட்டது. திருப்பத்தூருக்கு அருகே பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி, வேட்டங்குடி ஆகிய கண்மாய்கள் சேர்ந்து சுமார் 38 ஹெக்டேர். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, வக்கா, உண்ணிக்கொக்கு எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டும். சுற்றுப்புறக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது ஊரறிந்த செய்தி.

பறவை தங்குமா, தங்காதா என்பதை நாள்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நத்தைக்குத்தி நாரையை எடுத்துக்கொள்வோம்.

1. மரத்தடியில் தண்ணீர் நின்ற பிறகே இடம் பிடிக்கும். சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டி முட்டையிட ஏறக்குறைய இரண்டு வாரம்.
2. அடைகாப்பு நான்கு வாரம்.
3. குஞ்சு பறக்க ஐந்து வாரம். மஞ்சள்மூக்கு நாரை போன்ற பெரிய நாரைகளுக்கு இது எட்டு வாரம்வரை போகும்.

மொத்தம் 11 முதல் 14 வாரம். எல்லா ஜோடியும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால் இன்னும் இரண்டு மூன்று வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை நடுவில் கண்மாய் நிறைந்தால் மாசி முடியும்வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும்.

ஏன் மரத்தடியில்? தண்ணீர்தான் அங்கே அகழி. அது வற்றினால் நரியும் நாயும் கீரியும் நடந்தே உள்ளே வரும், கீழே விழும் குஞ்சு மேலே திரும்பாது. அதோடு நத்தை, மீன், தவளை கிடைக்கும் தூரமும் கூடிவிடும். இரை தேடி ஐந்து கிலோமீட்டர் போன தாய் பத்து கிலோமீட்டர் போக வேண்டி வந்தால், குஞ்சுக்கு ஒரு நாளில் கிடைக்கும் வேளை குறையும். பாதி வளர்ந்த குஞ்சைக் கைவிட்டுக் கூட்டமே கிளம்பிவிடுவது இதனால்தான்.

இப்போது தலைப்பின் கேள்விக்கு வரலாம். மழைமானியில் 900 மில்லிமீட்டர் பதிவான இரண்டு ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் அது நாற்பது நாட்களில் பெய்தது. மற்றோர் ஆண்டில் புயல் சின்னம் ஒன்றின் புண்ணியத்தில் பாதி மழை நான்கே நாளில் கொட்டியது. கண்மாயின் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) வண்டல் ஏறி, கொள்ளளவு குறைந்திருந்தால் இரண்டாவது ஆண்டில் என்ன நடக்கும்? நான்காம் நாளே கலிங்கில் தண்ணீர் பாயும். 'கண்மாய் நிறைந்தது' என்று படத்தோடு செய்தி வரும். வழிந்தது வழிந்ததுதான். பிறகு மழையில்லை. தை பாதியிலேயே மரத்தடி சேறாகும். மழை குறையவில்லை, நின்ற நாள் குறைந்தது. காலநிலை மாற்றம் மழையை ஒரே நாளில் கொட்ட வைக்கிறது, நம் பராமரிப்பின்மை அதைக் கண்மாயில் நிற்கவிடாமல் செய்கிறது. இரண்டும் பெருக்கிக்கொள்ளும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வசதியான பழக்கம்.

தவளைக்கும் இதே கணக்கு, சின்ன அளவில். கோடை முழுதும் மண்ணுக்குள் கிடந்துவிட்டு முதல் கனமழைக்கு வெளியே வந்து முட்டையிடும் இனங்கள் உண்டு. தலைப்பிரட்டை காலூன்றி வெளியேற ஒரு மாதம் அளவில் குட்டை நிற்க வேண்டும். ஆவணியில் ஒரு நாள் பேய்மழை பெய்து, பிறகு இருபது நாள் வெயில் அடித்தால் அந்த ஆண்டின் முட்டை மொத்தமும் கருவாடு.

காலியான இடத்தைப் பிடிப்பவர்கள்

சூழல் குலையும்போது எல்லா உயிரும் தோற்பதில்லை. எதையும் தின்று, எங்கும் வளர்ந்து, அடிக்கடி பெருகும் இனங்கள் ஜெயிக்கின்றன.

*சீமைக் கருவேலம்.* இதன் தாயகம் மெக்சிகோ, தென்னமெரிக்கா. இந்தியாவுக்கு 1877-ல் வந்தது. விறகுக்கும் வேலிக்கும் என்று வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. இது பரவும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் ஏன் தோற்கடிக்க முடியவில்லை என்பது புரியும். நெற்று இனிப்பாக இருக்கும். ஆடு விரும்பித் தின்னும். விதையின் கெட்டித் தோல் ஆட்டின் வயிற்றில் இளகி, புழுக்கையோடு விழும்போது எருவும் சேர்ந்தே கிடைக்கிறது. ஆடு நடக்கும் வழியெல்லாம் இதற்கு வண்டிப்பாதை. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் மேல்மண் காய்ந்தாலும் இது பசுமையாக நிற்கும். வறட்சி நீள நீளப் பக்கத்துப் புல்லும் செடியும் சாகின்றன, இதற்குப் போட்டி குறைகிறது. வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும்.

காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றொரு பேச்சு கைபேசி தோறும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையான குற்றங்களே போதுமானவை, கற்பனைக் குற்றம் தேவையில்லை. உண்மையானவற்றில் ஒன்று கூடு சம்பந்தப்பட்டது. சீமைக் கருவேலத்தின் கிளை கூட்டைத் தாங்கும் அளவுக்கு அகலமான கவையாக அமைவதில்லை. வேட்டங்குடியிலேயே நடத்தி 2014-ல் வெளியான ஆய்வொன்று, நாட்டுக் கருவேலத்தைவிட இந்த மரத்தில் கூடு கட்டிய பறவைகள் முட்டையையும் குஞ்சையும் அதிகம் இழந்ததைக் காட்டியது. பறவை வந்திருக்கிறது, கூடும் கட்டியிருக்கிறது, கணக்கெடுப்பில் எண்ணிக்கையும் வந்துவிடும். குஞ்சு மட்டும் பறக்கவில்லை.

அதே சமயம் ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் கரி மூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த மரம்தான் வருமானம். அகற்றச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

*தைலமரம்.* செட்டிநாட்டின் வடபகுதியிலும் புதுக்கோட்டைப் பக்கமும் காகிதக் கூழுக்காகப் பெரும்பரப்பில் வளர்க்கப்படுகிறது. அது குடிக்கும் தண்ணீர் ஒரு பக்கம் இருக்கட்டும். தோப்புக்குள் மழைநீர் வெளியேறாமல் போடப்படும் வரப்புகள் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை வெறுமையாக்குகின்றன. நீர்ப்பிடிப்பில் மழை பெய்தும் கண்மாய்க்கு வராததற்கு இது ஒரு நேரடிக் காரணம். தோப்பின் நிழலில் வேறு செடி அதிகம் முளைப்பதும் இல்லை.

*ஜிலேபிக் கெண்டை.* இந்தியாவுக்கு 1952-ல் கொண்டுவந்து மண்டபத்தில் விட்டார்கள். நமக்குப் பக்கத்து ஊர்தான். தாய்மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும், ஆண்டில் பல முறை ஈனும், சூடான, காற்றுக் குறைந்த தண்ணீரிலும் உயிர் வாழும். நாட்டு மீன்களுக்கு வேறு திறமை. விராலும் குரவையும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், அயிரை ஈர மணலுக்குள் பதுங்கும். கண்மாய் காய்வதும் நிறைவதும் மாறிமாறி நடக்கும்வரை இந்தத் திறமைதான் அவற்றைக் காத்தது. இன்று ஆழ்துளைக் கிணறுகள் ஈரத்தைக் கீழே இழுத்துவிட்டன, உள்வாயின் மணலையும் சவுடையும் லாரி அள்ளிவிட்டது. பதுங்க ஈரமும் இல்லை, மணலும் இல்லை. அடுத்த மழைக்கு யாரோ வாங்கிவந்து விடும் குஞ்சுகள்தான் முதலில் கண்மாயைப் பிடிக்கின்றன. மீன்பிடித் திருவிழாவில் ஊத்தா, கச்சா என்னும் மீன்பிடி சாதனங்களைத் தூக்கி வருபவர்களின் கூடையில் எது மேலாக இருக்கிறது என்று பார்த்தாலே இது தெரியும்.

*மயில்.* இது அந்நியன் கிடையாது. குன்றக்குடி முருகனோடு சேர்த்துக் கும்பிடும் நம் சொந்தப் பறவை. ஆனாலும் இதன் பரவல் மாறியிருக்கிறது. 1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் நடத்திய பறவைக் கணக்கெடுப்பில் மயில் பதிவாகவில்லை. இன்று கேரளத்தின் பல மாவட்டங்களில் வயலுக்குள் திரிகிறது. ஈரக்காட்டை ஒதுக்கி, வறண்ட திறந்தவெளியைத் தேடும் பறவை அது. எனவே மயில் புதிதாக ஓர் இடத்துக்கு வருவது, அந்த இடம் காய்ந்து வருவதன் அடையாளமாகவும் இருக்கலாம். செட்டிநாட்டில் இது எப்போதும் உண்டு. இங்கே பெருகக் காரணங்கள் வேறு: தரையில் இடும் முட்டையைத் தின்னும் நரி குறைந்தது, பகலில் பதுங்கச் சீமைக் கருவேலப் புதர் கிடைத்தது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு, விதைத்த கடலை. இந்த நான்கில் ஒன்றுகூட வெப்பநிலை இல்லை என்பதைக் கவனிக்கவும்.

வகை கூடியும் பன்மை குறைவது எப்படி?

'எங்கள் கண்மாயில் முன்பைவிட அதிக வகை மீன் இருக்கிறது, பிறகென்ன கவலை?' என்பது நியாயமான கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கால் இதை விளக்கலாம்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்மாய்கள். முன்பு ஒவ்வொன்றிலும் 20 வகை உயிரினங்கள், இரண்டுக்கும் பொதுவானவை 5. மொத்தம் 20 + 20 − 5 = 35 வகை. பிறகு வெளியிலிருந்து வந்தவை சேர்ந்து ஒவ்வொன்றிலும் 25 வகை ஆகிவிட்டன. ஆனால் அவற்றில் 23 இரண்டுக்கும் பொது. மொத்தம் 25 + 25 − 23 = 27 வகை.

ஒவ்வொரு கண்மாயும் தனித்தனியே பார்த்தால் 'வளர்ந்திருக்கிறது'. வட்டாரமோ எட்டு வகைகளை இழந்திருக்கிறது. இதற்கு ஒருபடித்தாதல் என்று பெயர். எல்லா ஊருணியிலும் அதே ஜிலேபி, எல்லாக் கரையிலும் அதே சீமைக் கருவேலம், எல்லாத் தண்ணீரிலும் அதே ஆகாயத்தாமரை. ஒரு கண்மாயை மட்டும் எண்ணிவிட்டு வெளியிடும் அறிக்கை இதைக் காட்டாது.

உலக அளவில் உயிரினங்களுக்கான நேரடி அச்சுறுத்தல்களை 2019-ல் பன்னாட்டு அறிவியல் குழு வரிசைப்படுத்தியது: நிலத்தையும் கடலையும் பயன்படுத்தும் முறை மாறுவது முதலிடம், வேட்டை, மீன்பிடி போன்ற நேரடிச் சுரண்டல் இரண்டாமிடம், காலநிலை மாற்றம் மூன்றாமிடம், மாசு நான்கு, அந்நிய இனங்கள் ஐந்து. செட்டிநாட்டைப் பொறுத்தவரை இந்த வரிசையில் அந்நிய இனங்களை இன்னும் மேலே ஏற்றலாம் என்பது என் கருத்து. காலநிலை மாற்றமோ மற்ற நான்கின் கையையும் பலப்படுத்திக்கொண்டிருக்கிறது.

புகலிடங்கள்: வளவுக்குள் இருக்கும் குளிர்ச்சி

சித்திரை மதியம் செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நிற்பவர் நாலு எட்டு வைத்து வளவு என்னும் உள்முற்றத்துக்குள் வந்தால் உடம்பே சொல்லும். ஊருக்கு ஒரே வெப்பநிலைதான், வீட்டுக்குள் வேறு. உயரமான கூரையும் கனத்த சுவரும் செய்யும் வேலை அது. இயற்கையில் இதே வேலையைச் செய்வது கோயில்காடு.

அய்யனார் கோயிலைச் சுற்றி விட்டுவைத்த காட்டுத் துண்டுகளில் வீரை, உலக்கைப்பாலை, காயா மாதிரியான உலர் பசுமைமாறா மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. இலையை உதிர்க்காததால் கோடையிலும் தரையில் நிழல். மண் சூடு குறைவு, சருகுக்கு அடியில் ஈரம். ஓணான், தேள், நத்தை, தவளை எல்லாம் நூறு கிலோமீட்டர் ஓடாமல், நூறு மீட்டர் ஓடித் தப்பிக்க இடம் இதுதான். சமவெளியில் மலை செய்யும் வேலையை இந்த ஐந்து ஏக்கர் செய்கிறது.

சிக்கல் அளவில் இருக்கிறது. சின்ன காட்டுத் துண்டில் ஓரம் அதிகம், நடு குறைவு. ஓரத்தில் வெயிலும் காற்றும் நுழைவதால் அங்கே உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் முளைக்கும். திருப்பணி என்று சொல்லி சிமெண்ட் தளமும் வண்டி நிறுத்துமிடமும் போட்டால் ஓரம் உள்ளே நகரும், நடு மறையும். பழங்களைத் தின்று விதை பரப்பும் பறவையும் வௌவாலும் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்கும் வழியில் பழமரங்கள் வேண்டும். அவை வெட்டப்பட்டால் ஒவ்வொரு கோயில்காடும் தனித்தீவு. தாய்மரம் நிற்கும், கன்று இருக்காது.

இப்படிப்பட்ட இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்க வழி இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டின் முதல் தலம் மேலூர் அருகே அரிட்டாபட்டி, 2022-ல். இரண்டாவது திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடு, 2025-ல். அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. சின்னது என்பது தடையில்லை என்பதற்கு அதுவே சான்று.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. எத்தனை ஆண்டுத் தரவு? இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டு 'குறைந்தது' என்றால் அது பெரும்பாலும் மழையைப் பற்றிய செய்தி. பத்தாண்டுக்குக் குறைந்த தொடரை வைத்துப் பரவல் மாற்றம் பேச முடியாது.
2. தேடிய உழைப்பு சமமா? முன்பு இருவர் ஒரு காலை எண்ணினார்கள், இப்போது முப்பது பேர் மூன்று நாள் எண்ணினார்கள் என்றால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் என்று நேரத்தையும் குறிக்கச் சொல்வது இதற்காகத்தான்.
3. வந்த பறவையா, பறந்த குஞ்சா? மேலே சொன்ன சீமைக் கருவேலக் கூடுகளை நினைத்துக்கொள்ளவும்.
4. இங்கே இல்லாதது வேறெங்கும் இல்லையா? வேட்டங்குடி காய்ந்த ஆண்டில் பக்கத்து மாவட்டக் கண்மாயில் கூட்டம் இறங்கியிருக்கலாம்.
5. பார்க்கவில்லை என்று எழுதினார்களா? 'போனேன், ஒன்றுமில்லை' என்பதும் தரவுதான். அதை யாரும் பதிவு செய்யாததால் வரைபடங்கள் எப்போதும் நிஜத்தைவிடச் செழிப்பாகத் தெரியும்.

வேலை தொடங்கினால் எங்கே தப்பு நடக்கிறது?

சீமைக் கருவேலத்தை அறுத்துவிட்டுப் போவது காசைக் கரியாக்குவது. தூர் பருத்து மொட்டு இருக்கும் பகுதி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதோடு சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டும். முதல் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, கன்றாக இருப்பதைக் கையாலேயே பிடுங்கலாம். விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும் என்பதால் தொடர்ந்து மூன்று மழைக்காலமாவது வந்து பிடுங்க வேண்டும். ஒரே ஆண்டில் மொத்தத்தையும் எடுத்தால் அந்த ஆண்டு பறவைக்குக் கூடு கட்ட மரமே இருக்காது. ஆகவே பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலக் கன்று வைத்து, அது கூட்டைத் தாங்கும் அளவு வளர்ந்த பின் அடுத்த பகுதிக்குப் போவது சரி. கூடு இருக்கும் மாதங்களில் தொடவே கூடாது. கரையின் மேல் நிற்பதை இயந்திரத்தால் பிடுங்கினால் கரை பொந்தாகி அடுத்த வெள்ளத்தில் உடையும்.

தூர்வாருவதில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. ஒப்பந்தத்தில் கன அளவு மட்டுமே எழுதப்படுவதால் கண்மாய் ஒரு தொட்டி மாதிரி, செங்குத்துச் சுவரும் தட்டையான அடியுமாக ஆகிவிடுகிறது. சின்ன நீர்ப்பறவையான உள்ளான் நடப்பது விரற்கடை ஆழச் சேற்றில். நாரை நிற்பது முழங்கால் தண்ணீரில். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கிப் பிடிப்பது ஆழத்தில். சரிவு இருந்தால்தான் மூவருக்கும் ஒரே கண்மாயில் இடம். தண்ணீர் வற்ற வற்ற இந்த ஆழங்கள் உள்நோக்கி நகர்ந்து, ஒவ்வொரு வாரமும் புதிய சேற்றைத் திறந்துவிடும். தொட்டிக் கண்மாயில் இது நடக்காது, ஒரே நாளில் எல்லாருக்கும் கதவு சாத்தப்படும். எனவே மடைப் பக்கம் ஆழமாகவும் நீர் வரும் பக்கம் மென்மையான சரிவாகவும் வெட்ட வேண்டும், மரம் நிற்கும் திட்டுகளை விட்டுவிட வேண்டும். கண்மாயை வெட்டுவதற்கு முன் வரத்துக்காலை வெட்ட வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் பெரும்பாலும் அது நடப்பதில்லை.

சட்டத்தை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017-ன் ஈரநில விதிகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. ஆக, செட்டிநாட்டின் கண்மாயும் ஊருணியும் அந்த விதிக்குள் வருவதில்லை. வேட்டங்குடிக்கு உள்ள பாதுகாப்பு சரணாலயம் என்பதால் வந்தது. மற்றவற்றில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ள கண்மாய்களுக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ன் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். அது கரைக்குள் உள்ள நிலத்தை மீட்கும். கரைக்கு வெளியே, நீர்ப்பிடிப்பில் போடப்படும் வரப்பையும் மனையையும் அது தொடாது. மழை விழுவதோ அங்கேதான்.